மெர்சி ஒளித்து வைத்த துணி

1

இன்றைக்குக் கைரேகை வைக்கிற நாள். வருஷத்துக்கு ஒருமுறை, நாங்கள் ஜாவாவில் வந்து இறங்கிய அதே மாதத்தில், ஸோலோ நகரத்துக் குடியேற்ற அலுவலகத்துக்குப் போய்ப் பத்து விரலையும் மையில் தோய்த்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். இது பதினோராவது தடவை. போன வருஷம் வைத்த விரல் இந்த வருஷம் மாறியா போயிருக்கும் என்று கேட்கத் தோன்றும். கேட்க மாட்டேன். கேட்டால் இன்னொரு படிவம் தருவார்கள்.

பாஸ்போர்ட்டில் என் பெயரோடு அப்பா பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, அதனால் இந்த ஊர் சர்க்காருக்கு நான் ஜெசிந்தா இல்லை, சூசை. "சூசை அம்மா, வாங்க" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள். செத்துப்போன மனுஷனை வருஷா வருஷம் எழுப்பி வரிசையில் நிற்க வைக்கிறேன், பாவம். முதல் இரண்டு மூன்று வருஷம் திருத்திப் பார்த்தேன். இப்போது சூசை என்றால் எழுந்து போய்விடுகிறேன். அலுத்துப் போச்சு.

என் வீட்டுக்காரர் அந்தோணிக்கு இங்கே ஒரு நூற்பாலையில் மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தவரை, இரண்டே வருஷம் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். அந்த இரண்டு வருஷம் இன்னும் முடியவில்லை.

விரல் மையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தால், மேஜைமேல் ஊர்க் கடிதம். மேனாம்பேட்டில் இருக்கும் என் தம்பி ஆரோக்கியம் வீட்டிலிருந்து. தடித்த உறை. உள்ளே போட்டோக்கள்தான் என்று தொட்டதுமே தெரிந்தது. தம்பி மகனின் ஞானஸ்நானப் போட்டோக்கள். நாலு மாதமாக வரவில்லையே என்று புலம்பினேன், வந்துவிடக் கூடாதே என்றும் பயந்தேன். ஏனென்றால் அந்த ஞானஸ்நானத்தன்று காலையில்தான் என் ஒரே மகள் மெர்சியை, ஒன்பது வயதுப் பிள்ளையை, வீடு நிறைய சனம் பார்த்துக்கொண்டிருக்கக் கன்னத்தில் அறைந்தேன். அன்றிலிருந்து கேட்டதற்குப் பதில் சொல்வாள். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. ஒரே வீட்டில் வாடகைக்கு இருப்பவள் மாதிரி இருக்கிறாள்.

2

ஆரோக்கியத்துக்கும் ஃபிலோவுக்கும் கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளையில்லை. இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. ஃபிலோ வேப்பம்பட்டு அம்மா வீட்டுக்குப் போனால் திரும்பி வரவே கூச்சப்படுவாளாம். மூன்றாவது உண்டாகியிருக்கிறது என்று கடிதம் வந்த நாளிலிருந்து மெர்சியைத் தினமும் செபம் சொல்ல வைத்தேன். "மாமா ஊட்டுப் பாப்பா நல்லபடியா வரணும் சேசுவே." அவள் தமிழில் சொல்கிற ஒரே செபம் அது. மற்றதெல்லாம் இந்த ஊர் பாஷையில்தான். அந்த மாமாவை அவள் நாலு வயதில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். ஆனாலும் ஒருநாள்கூட விடவில்லை. நான் மறந்துபோய்ப் படுத்தாலும் வந்து எழுப்புவாள்.

ஆண் பிள்ளை பிறந்தது. "ஞானஸ்நானத்துல புள்ளைய ஏந்தி நிக்கிற ஞானத்தாய் நீதான்க்கா, வந்தே ஆகணும்" என்று தம்பி எழுதினான். எனக்குக் கால் தரையில் படவில்லை. அந்தோணிக்கு லீவு இல்லை. நானும் மெர்சியும் மட்டும் போவதென்று முடிவாயிற்று.

என்ன கொண்டுபோவது? ஜாவாவிலிருந்து போகிறவள், மெழுகால் கோலம் போட்டுச் சாயம் தோய்க்கிற பாத்திக் துணி கொண்டுபோகாமல் எதைக் கொண்டுபோவது? இங்கே குழந்தை பிறந்ததும் சுற்றுவது பாத்திக்கில். இடுப்பில் தூக்கிக் கட்டிக்கொள்வது பாத்திக்கில். பள்ளி விழாவுக்குப் போனால் பெண் பிள்ளைகளுக்குக் குட்டி ரவிக்கையும் கொசுவம் வைத்த பாத்திக் கீழாடையும். பையன்களுக்குக் கோட்டும் தலைப்பாகையும் வேறு. மெர்சி தன் கொசுவத்தைத் தானே விரல் விரலாக மடித்துக் கட்டிக்கொள்வாள். எனக்கு இன்னும் வராது.

எங்கள் பக்கத்து வீட்டு பு மார்னிதான் பிள்ளைகளுக்கு இந்த உடுப்பெல்லாம் தைக்கிறவர். 'பு' என்றால் இங்கே அம்மா. மெர்சிக்கு ஏழு மாதம் ஆனபோது, பிள்ளையின் காலை முதன்முதலாக மண்ணில் பட வைக்கும் சடங்கைத் தன் வீட்டு வாசலில் அவர்தான் நடத்தினார். நாங்கள் வேதக்காரர்கள், இதெல்லாம் கூடாது என்று நான் இழுத்ததற்கு, "மண்ணில் கால் வைக்காமல் எப்படி நடப்பாள்?" என்றார். அன்றைக்கு அவர் கொடுத்த சின்ன பாத்திக் சால்வை ஒன்று. பழுப்பும் பாலாடை நிறமும். அதில்லாமல் மெர்சி இன்றுவரை தூங்கமாட்டாள்.

பயணத்துக்கு முந்தின நாள் ஞானஸ்நானத் துணி வாங்கக் கிளம்பினேன். பு மார்னி உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். சரி, பதினோரு வருஷம் இந்த ஊர்ச் சோறு தின்கிறோம், ஒரு துணி வாங்கத் தெரியாதா என்று ஜவுளிச் சந்தைக்குத் தனியாகப் போனேன். திமிர், வேறென்ன.

எடுத்த துணியிலெல்லாம் கழுகுச் சிறகு, பாம்பு, கோபுரம். அம்பத்தூரில் எங்கள் கோயில் உபதேசியார் பாம்பைப் பார்த்தால் சும்மா விடுவாரா? ஏவாளில் ஆரம்பித்துவிடுவார். தேடித் தேடிக் கடைசியில் ஒன்று கண்ணில் பட்டது. கறுப்பு, வெள்ளை, கொஞ்சம் பழுப்பு. உயிர் உருவம் எதுவும் இல்லை. கட்டம் கட்டமாய், கட்டத்துக்குள் முக்கோணங்கள். முக்கோணம்! பிதா, சுதன், பரிசுத்த ஆவி. ஞானஸ்நானத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

கடைக்காரம்மா பேரம் பேசவே இல்லை. துணியை மெதுவாக மடித்து, இரண்டு கையாலும் கொடுத்து, என் கையைப் பிடித்து ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டார். கண்ணில் அவ்வளவு இரக்கம். அந்நிய தேசத்துக்காரி என்று பரிதாபப்படுகிறார் போலிருக்கிறது, எவ்வளவு நல்ல சனங்கள் என்று நினைத்துக்கொண்டு, பெட்டியின் அடியில் வைத்துக் கட்டினேன்.

3

மேனாம்பேட்டில் போய் இறங்கின அன்றைக்கே மெர்சி எல்லோருக்கும் வேடிக்கையாகிவிட்டாள். ஜாவாவில் பிள்ளைகள் அம்மாவை 'மாமா' என்றுதான் கூப்பிடும். அவள் "மாமா, தண்ணி" என்றால் நானும் திரும்புவேன், தம்பியும் திரும்புவான்.

"இன்னாக்கா இது, உன்னப் போயி மாமான்னுது! எங்க அத்தானுக்கு இன்னா பேரு வச்சிகீது?" என்று ஆரோக்கியம் விழுந்து விழுந்து சிரித்தான்.

தெருப் பிள்ளைகள் அவள் பாத்திக் கீழாடையைப் பார்த்து, "டேய், லுங்கி கட்டிக்கினு ஒரு பொண்ணு வந்துகீதுடா!" என்று கூவின. மறுநாளிலிருந்து கவுன்தான் போட்டாள். அவள் பேசின அரைகுறைத் தமிழும் அன்றோடு பாதியாகக் குறைந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்து என்ன செய்தேன்? "நல்லாப் பழகுடி எல்லார்கூடயும்" என்று அதட்டினேன்.

அப்புறம் பங்குக் கோயில் அலுவலகம். ஞானத்தாயாக நிற்பவள் ஒழுங்காகப் பூசைக்குப் போகிற கத்தோலிக்கப் பெண்தான் என்று அவளுடைய சொந்தப் பங்குக் கோயிலிலிருந்து கடிதம் வேண்டுமாம். முன்கூட்டியே தெரிந்து ஸோலோவிலிருந்து வாங்கிப் போயிருந்தேன். எழுத்தர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

"இன்னாமா இது? எயுத்து பாத்தா இங்கிலீசாட்டம் கீது, படிச்சா ஒண்ணும் வெளங்கல."

"அது அந்த ஊரு பாஷைங்க."

"அந்த ஊரு பாஷைய வச்சிக்கினு இந்த ஊருல இன்னா பண்றது? மொழிபெயர்த்து, கையெழுத்து வாங்கிக்கினு வா."

யார் கையெழுத்து? அது அவருக்கே தெரியாது. ஸோலோவில் நான் சூசை, சொந்த ஊரில் நான் ஒழுங்கான கத்தோலிக்கப் பெண் என்பதற்கு ஆதாரமில்லாதவள். மூன்று நாள் நடந்தேன். மூன்றாம் நாள் சாமியாரே அலுவலகத்தில் இருந்தார். பக்கத்தில் நின்ற மெர்சியிடம், "நீ படிப்பியாமா?" என்று கடிதத்தை நீட்டினார். அவள் வாசித்து, ஒவ்வொரு வரியாக, தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னாள். "இவங்க... ஞாயித்துக்கிழமை தப்பாம வராங்க. பிள்ளைய... நல்லா பாத்துக்குவாங்க." சாமியார் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வழி நெடுக அவளுக்கு நான் ஒரு சபாஷ்கூடச் சொல்லவில்லை. மூன்று நாள் அலைச்சலில் எனக்குக் கால் வலி.

4

அங்கிருந்து நேரே டெய்லர் காதர் பாய் கடை. துணியைப் பிரித்து மேஜையில் போட்டேன். மெர்சி அதை அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறாள். முகம் வெளுத்துப்போயிற்று. என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம், மாமா."

"என்ன வேணாம்?"

"இது பாப்பாக்கு வேணாம்." அதற்குமேல் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

காதர் பாய் துணியைத் தடவிப் பார்த்தார். "லுங்கித் துணியாட்டம் கீது. ஆனா சோக்கா கீதும்மா. கவுனுக்குக் கழுத்துல லேஸ் வச்சிடறேன், சாமியார் ஒண்ணும் சொல்லமாட்டாரு."

கவுன் தைத்து வந்தது, மீந்த துணியில் ஒரு போர்வையும். ஞானஸ்நானத்துக்கு முந்தின சாயங்காலம் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தோம். ஆரோக்கியத்தின் சிநேகிதன் கேமரா கொண்டுவந்திருந்தான், ஒரு படம் எடுத்தான். ஃபிலோ பூரித்துப் போனாள். "எங்க சனத்துல யாருக்கும் இப்டி ஃபாரின் துணி வந்ததில்ல அண்ணி," என்றாள். மெர்சி மறுபடியும் வந்து என் காதில், "மாமா, ப்ளீஸ், வேணாம்," என்றாள். பொறாமை என்று நினைத்தேன். இத்தனை நாள் ஒற்றைப் பிள்ளையாகச் செல்லம் கொஞ்சி வளர்ந்தவள், இப்போது எல்லோரும் அந்தப் பாப்பாவையே தூக்குகிறார்கள், அதுதான் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

விடிந்ததும் கவுனைக் காணோம். போர்வையையும் காணோம். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். வாசலில் வேன் நிற்கிறது, வேப்பம்பட்டுச் சனமெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறது. உள் அறையில் மெர்சி பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அவளுடைய பழைய சால்வைக்குள் சுற்றிக் கிடந்தது.

"கவுன் எங்கடி?"

"நான்தான் எடுத்தேன்."

"எங்க வச்ச?"

சால்வை நுனியை இழுத்துப் பாப்பாவின் காலை மூடினாள்.

"ஏண்டி இப்டிப் பண்ண? சொல்லுடி!"

பாப்பாவைக் குனிந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் என் பேச்சுக்கு மதிப்பில்லை என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஓங்கி அறைந்தேன். அவள் அழவில்லை. சத்தம் கேட்டுக் குழந்தை பயந்துவிடுமோ என்று அதன் தலையைத் தன் மாரோடு சேர்த்து அணைத்து, காதைக் கையால் மூடினாள். அதையும் அழுத்தம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

"உடுக்கா," என்றான் ஆரோக்கியம். "வெளியூர்ல வளந்த புள்ள. நம்ம கூட ஒட்டல. அவ்ளோதான் உடு."

அறைந்தது நான். ஆனால் அந்தச் சொல் விழுந்தது என்மேல். பதினோரு வருஷமாக எந்த வார்த்தையை யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தேனோ, அதை என் கூடப்பிறந்தவனே சொல்லிவிட்டான். வேறு துணி தேட நேரமில்லை. பிள்ளையை அந்தப் பழைய சால்வையோடே தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். நான் ஞானத்தாயாக நின்றேன். மெர்சி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

5

இன்றைக்கு மத்தியானம் உறையைப் பிரித்தேன். ஃபிலோவின் கடிதத்தை முதலில் படித்தேன். "அண்ணி, காணாமப்போன துணி கெடச்சிடுச்சி. பின்னாடி சிமெண்ட் கோணிக்கு அடியில மெர்சி வச்சிருக்கா. துவைச்சி எடுத்தேன், புதுசாட்டமே இருக்குது. கவுன் இப்ப பத்தல. போர்வையில பாப்பாவுக்குத் தூளி கட்டிட்டேன். அதுலதான் தூங்கறான், உங்க ஞாபகமா."

பு மார்னி வெற்றிலைத் தட்டோடு வந்தார். போட்டோ என்றதும் சந்தோஷமாக வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கவுன் போட்ட அந்த ஒரு படம் வந்ததும் கை நின்றுவிட்டது. படத்தைக் குப்புறக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

"யார் போட்டுவிட்டது இதை, பிள்ளைக்கு?"

"நான்தான் வாங்கினேன். ஏன்?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல், மெதுவான குரலில் சொன்னார். அந்தத் துணிக்குப் பேர் ஸ்லோபோக். இந்த ஊரில் அதைச் சவத்தின் மேல் போர்த்துவார்கள். துக்கத்துக்குப் போகிறவர்கள் கட்டிக்கொண்டு போவார்கள். போகிற ஆத்துமா தடையில்லாமல் போகட்டும் என்பதற்கான துணி அது. போன வருஷம் அவர் கணவர் இறந்தபோது அவர்மேல் கிடந்ததும் அதே துணிதான். அன்றைக்கு மெர்சி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நானும் போயிருந்தேன். முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு பத்து நிமிஷம் நின்றுவிட்டு வந்தவள், துணியையா பார்த்தேன்?

சந்தைக் கடைக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐயோ, என் வீட்டில் சாவு என்றல்லவா அந்த அம்மா நினைத்திருக்கிறார்! இரண்டு பிள்ளையைத் தொலைத்தவள் வீட்டுக்கு, மூன்றாவது பிள்ளைக்கு, நான் என்ன கொண்டுபோயிருக்கிறேன்!

பு மார்னி ஞானஸ்நானப் படத்தைக் கையில் எடுத்தார். தண்ணீர்த் தொட்டிக்கு மேல் நான் பிடித்திருக்கும் பிள்ளை, பழுப்புச் சால்வையில். "இது நான் மெர்சிக்குக் கொடுத்ததில்லையா? உயர்ந்து வாழணும் என்று கொடுக்கிற துணி. நல்ல துணியைத்தான் மாற்றியிருக்கிறாள்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பள்ளி விட்டு மெர்சி வந்தாள். சோறு போட்டேன். எதிரில் உட்கார்ந்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

"அன்னிக்கு வலிச்சுதா?"

"வலிச்சுது."

"அது செத்தவங்க துணின்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடி."

"பாப்பா இருந்துச்சில்ல. பாப்பா இருக்கிற ஊட்ல அந்த வார்த்தை சொல்லக்கூடாது. பு மார்னி சொன்னாங்க. சொன்னா பாப்பாக்கு ஆவாது."

"டெய்லர் கடையில பாப்பா இல்லியே?"

"பாப்பாவோட துணின்னு எடுத்து வச்சிட்டீங்க. அத வச்சிக்கினும் சொல்லக்கூடாது."

"சரி, இங்க வந்தப்புறம்? நாலு மாசமாச்சே?"

தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க கேக்கவே இல்லியே, மாமா."

ஆமாம். நான் கேட்கவே இல்லை. அவள் நம்மை விட்டு விலகுகிறாள், இந்த ஊர்க்காரியாகிறாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அழுதிருக்கிறேன். அவளிடம் மட்டும் கேட்கவில்லை. "தப்பு என்னோடதுதான், கண்ணு" என்று சொன்னேன். சொன்ன பிறகும் போதவில்லை. அவள் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். அவள் மெல்ல உருவிக்கொண்டு, "தூளிய அவுக்கச் சொல்லுங்க," என்றாள். மேஜைமேல் பிரித்துக் கிடந்த கடிதத்தை, நான் சொல்லிக் கொடுத்த எழுத்தைக் கூட்டி அவளும் படித்திருக்கிறாள்.

6

கடிதம் எழுதினால் போய்ச் சேரப் பதினைந்து நாளாகும். அதுவரை அந்தத் தூளி? இரண்டு பேருமாகத் தெருமுனை டெலிபோன் கடைக்கு ஓடினோம். மேனாம்பேட்டில் தம்பி வீட்டில் போன் இல்லை. எதிரில் இருக்கும் எஸ்டிடி பூத்துக்குப் பேசி, ஆள் அனுப்பிக் கூப்பிடச் சொன்னேன். நல்லவேளையாக ஆரோக்கியத்துக்கு இன்றைக்கு ராத்திரி ஷிஃப்ட், வீட்டில்தான் இருந்தான்.

"இன்னாக்கா, யாருக்கு இன்னா ஆச்சி?" மூச்சிரைத்துக்கொண்டு வந்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். முக்கோணத்தைச் சொன்னேன், கடைக்காரம்மாவைச் சொன்னேன், மெர்சி வாயைத் திறக்காததன் காரணத்தையும் சொன்னேன். அவன் சிரிப்பான், அடப் போக்கா, இங்க அது வெறும் துணிதானே என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அடி வாங்கிக்கினு நின்னுச்சேக்கா அந்தப் புள்ள," என்றான். "நான் வேற, ஒட்டலன்னு சொன்னேன்."

"தூளிய..."

"ஃபிலோவும் எங்கூடத்தான் வந்தா, போன்ல காத வச்சி கேட்டுக்கினுதான் இருந்தா. அவுக்க ஓடிட்டா." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "அக்கா, நான் ஒண்ணு சொல்வேன், கோச்சிக்கக் கூடாது. கோயில் புக்குல ஞானத்தாய்னு உன் பேரு கீது. இருந்துட்டுப் போவட்டும். எம்புள்ளைக்கு ஞானத்தாய் நீ இல்ல. போனை அவ கையில குடு."

கோபம் வரவில்லை. கொடுத்தேன். மெர்சி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக் காதோடு ஒட்டிக்கொண்டாள். அவன் என்னென்னவோ சொன்னான். அவள் 'ம்' கொட்டிக்கொண்டே நின்றாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"பாப்பா அங்க பக்கத்துல இருக்கா?"

இல்லை, வீட்டில் தூங்குகிறான் என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் என் மகள் வாய்விட்டு அழுதாள்.